பிடிக்காதே, வெளியே போகுது

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எது பறந்து வந்தாலும் கையை நீட்டிப் பிடித்துவிடுவேன். பந்து, சாவிக்கொத்து, மாடியிலிருந்து விழும் துணி, எதுவானாலும் சரி. ஒரு தடவை பல்லியைக்கூடப் பிடித்திருக்கிறேன் (அந்தக் கதை வேண்டாம்). திருச்சியில் காலேஜ் படித்த மூன்று வருஷமும் நான்தான் வளையப்பந்து சாம்பியன். ரப்பர் வளையம் வலைக்கு மேலே வரும். ஒரே கையால் பிடித்து, பிடித்த கையாலேயே உடனே திருப்பி எறிய வேண்டும். யோசிக்கவெல்லாம் நேரம் கிடையாது, கை தானாகப் போகும். அந்தக் கைதான் தொண்ணூறுகளின் கடைசியில், கல்கத்தாவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மானத்தை வாங்கியது.

வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. டாலிகஞ்ச் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கீழ்வீட்டில் ரீனாதியும் அவள் புருஷன் தபன்தாவும். (பெயருக்குப் பின்னால் 'தி' ஒட்டினால் அக்கா, 'தா' ஒட்டினால் அண்ணன். கல்கத்தா போய்ச் சேர்ந்த ஒரே மாதத்தில் எனக்கு நாற்பது அக்கா, நாற்பது அண்ணன்.) ரீனாதி ஒரு காலத்தில் பேட்மிண்டனில் கோப்பை கோப்பையாக வாங்கிக் குவித்தவள். தபன்தாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து ஒரு வருஷமாக மட்டையைத் தொடவில்லை.

அந்த ஜனவரியில் குவார்ட்டர்ஸ் கிளப்காரர்கள் பேட்மிண்டன் போட்டி வைத்தார்கள். வசூலாவது முழுக்க, எங்கள் குவார்ட்டர்ஸில் புற்றுநோயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மூன்று குடும்பங்களுக்கு. தபன்தாவுக்கு வாங்கிக்கொள்ளக் கூச்சம். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்: ரீனா ஆட வேண்டும். ஞாயிறு போட்டி. திங்கட்கிழமை அவர்கள் சிகிச்சைக்காகப் பம்பாய்க்கு ரயில் ஏறுகிறார்கள். அதற்குள் அவள் ஒரு கோப்பையைத் தூக்குவதைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். திரும்பி வருவேனோ என்னவோ என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது.

பெண்கள் இரட்டையர் ஆட்டத்துக்கு ஜோடி வேண்டும். யாராவது ஆடியிருக்கிறீர்களா என்று ரீனாதி கேட்டதும், நான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய், காலேஜ் சாம்பியன் என்றேன். எதில் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நடுவில் வலை, இரண்டு பக்கமும் ஆள், இதில் என்ன பெரிய வித்தியாசம் என்பது என் நினைப்பு. வீட்டுக்காரர் மட்டும், "விஜி, அது வேற, இது வேற. வம்பை விலைக்கு வாங்காதே" என்றார். உங்களுக்கு என்ன தெரியும் என்று அவர் வாயை அடைத்தேன். ரீனாதிக்கு ஆஸ்பத்திரிக்கு அலையவே நேரம் சரியாக இருந்ததால், இரண்டு பேரும் சேர்ந்து ஒருநாள்கூட ஆடிப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டுக்காரரின் கேன்வாஸ் ஷூவுக்குள் செய்தித்தாளை அடைத்துப் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கினேன். ஓரத்தில் நாற்காலியில் தபன்தா, சால்வையும் குரங்குக் குல்லாயுமாக. முதல் பந்து என்னை நோக்கி வந்தது. வலது கையில் மட்டை சும்மா இருக்க, இடது கையால் இறகுப்பந்தை லபக்கென்று பிடித்து, அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் எறிந்தேன். எறிந்த அழகைச் சொல்ல வேண்டும், அப்படியொரு எறி. எதிரே நின்ற மேனேஜர் மனைவி பயந்து குனிந்துவிட்டாள்.

ரீனாதி என்னிடம் வந்தாள். திட்டவில்லை. என் முந்தானை நுனியை என் இடது கையிலேயே திணித்து, இதை விடாமல் பிடித்துக்கொள், ஓரமாக நில், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். நான் கொடிக்கம்பமாக நிற்க, அவள் ஒருத்தியே மைதானம் முழுக்க ஓடி இரண்டு ஆட்டம் ஜெயித்து, என்னையும் இழுத்துக்கொண்டு இறுதிப் போட்டிக்கு வந்தாள். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கியது. ஒவ்வொரு புள்ளிக்கும் தபன்தா பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

இறுதிப் போட்டியிலும் ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு புள்ளி. அடுத்த பந்தை எதிராளி உயரத் தூக்கி அடித்தாள். அது என் தலைக்கு மேலே, கோட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. தொடாமல் விட்டால் கோப்பை எங்களுக்கு. "விடு, வெளியே போகுது" என்று ரீனாதி கத்தினாள். காதில் நன்றாக விழுந்தது. நான் விட்டது முந்தானையை. ஓடினேன், எம்பினேன், பிடித்தேன். பிடித்ததோடு நிற்காமல் கம்பீரமாகத் திருப்பியும் எறிந்தேன்.

தொட்டால் குற்றமாம். அதற்கப்புறம் ரீனாதிக்குக் கால் ஓடவில்லை. தோற்றுப்போனோம். அவள் மட்டையை உறையில் போட்டு மூடினாள், என் பக்கம் திரும்பவே இல்லை. பாவி, நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்போது தபன்தா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, நாங்கள் பயந்து தண்ணீரோடு ஓட, இருமலுக்கு நடுவிலும் சிரித்தார். "ரீனா ஜெயிக்கிறதை இருபது வருஷமா பார்த்தாச்சு. இப்படி ஒருத்தி பிடிக்கிறதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். ரீனாதி சிரிக்கவில்லை.

மறுநாள் ஹவுராவில் வழியனுப்பப் போனோம். அங்கேயும் என்னோடு பேச்சு இல்லை. ரயில் நகர்ந்த பிறகுதான் பார்த்தேன், விடியற்காலையில் எழுந்து அவர்களுக்காக நான் கட்டிய இட்லிப் பொட்டலம் பெஞ்சிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் நின்ற ரீனாதியைக் குறிபார்த்து, வளையம் எறிகிற மாதிரியே எறிந்தேன். அவள் ஒரே கையால் பிடித்தாள்.

"இதைப் பிடிக்கலாம் இல்லையா?" என்று கேட்டு, சிரித்தாள். கண்ணில் தண்ணீர். எனக்கும்தான்.

தபன்தா திரும்பி வந்தார். இன்னும் எட்டுக் குளிர்காலம் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நல்லதில்லாத ரிப்போர்ட் வரும்போதெல்லாம், ரீனாதியிடம் "பிடிக்காதே, வெளியே போகுது" என்பாராம்.

எங்கள் வீட்டிலும் அது நிலைத்துவிட்டது. நாங்கள் ஊர் திரும்பி எத்தனையோ வருஷமாகிறது. நாத்தனார் சண்டை, பக்கத்து வீட்டு வம்பு, மகன் கல்யாணத்தில் யாரோ சொன்ன ஒரு சொல், எதற்காவது நான் கிளம்பினால் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "பிடிக்காதே விஜி, வெளியே போகுது" என்பார்.

மாதம் ஒருமுறை கல்கத்தாவிலிருந்து ரீனாதி கூப்பிடுவாள். அப்போது மட்டும் நான் அடுப்படியில் இருந்தாலும் அவரே போனைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டுவார்.

"இது உள்ளே விழுது. பிடி."