மேற்குக் கரைக்குச் சுற்றுலா போன ஆட்காட்டி

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. அதில் தண்ணீர் இருந்தது, மீன் இருந்தது, வந்து இறங்க வாகாக நீண்ட மணல்மேடும் இருந்தது. இறங்கத்தான் ஒரு பறவையும் இல்லை. பனிமலைக்கு அப்பாலிருந்து கிளம்பும் வாத்துக் கூட்டங்கள் எல்லாம் குளத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், தெற்கே இருந்த பேரேரிக்குப் பறந்துகொண்டிருந்தன.

குளத்துக்கு மேலாளர் சென்னியப்பன் என்கிற ஆட்காட்டிப் பறவை. குச்சிக் கால், சிவந்த மூக்கு, ஊரையே கூட்டும் தொண்டை. யார் வந்தாலும் கத்தி அறிவிப்பது அவர் வேலை. யாருமே வராத குளத்தில் ஒரு வருஷம் அந்த வேலையைத் தளராமல் பார்த்தவர் என்றால், ஆள் எப்பேர்ப்பட்டவர் என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் பருவத்தில் காட்டுச் சபை கறாராகச் சொல்லிவிட்டது: வாத்துக் கூட்டம் இறங்காவிட்டால் குளம் எருமைகளுக்கு. சென்னியப்பன் பதறிப்போய்த் தன் கூட்டைப் பார்த்தார். மேற்குக் கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே அவர் மனைவி பூவாயி நாலு முட்டையை அடைகாத்துக்கொண்டிருந்தாள். எருமை என்ன, பார்த்துப் பார்த்தா கால் வைக்கும்?

அன்று பார்த்து, தாகம் தாங்காமல் ஒரு வாத்து தனியாக இறங்கியது. சென்னியப்பன் ஓடினார்.

“ஏனுங்க, உங்க கூட்டமும் இங்க இறங்கி ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போனா என்னங்க?”

“ஆசைதான். ஆனா பேரேரியில நுழைவுச் சோதனை வரிசை ரெண்டு நாள் நிக்குதே! சேத்துல நின்னு முடிக்கிறதுக்குள்ள, அங்கிருந்து சின்னக் குளங்களுக்கு எங்களைக் கொண்டுபோற காத்து கிளம்பிப் போயிடுது. அதான் முந்திப் போய் இடம் பிடிக்க ஓடுறோம்.”

சென்னியப்பனுக்குப் பொறி தட்டியது. பேரேரியில் செய்கிற சோதனையை இங்கேயே செய்து முடித்துவிட்டால்? அங்கே இறங்கியதும் வரிசையே இல்லாமல் நேராக அடுத்த காற்றைப் பிடிக்கலாமே!

அன்றே பேரேரிக்குப் பறந்தார். அதிகாரிகள் சம்மதித்தார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு. சோதனை முடிந்த பறவைகள் காத்திருக்கும் கரை, சட்டப்படி பேரேரியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

“மேற்குக் கரையை எடுத்துக்கோங்க சார்” என்றார் சென்னியப்பன், ஒரு நொடிகூட யோசிக்காமல். பேரேரிச் சட்டம் இருக்கிற இடத்தில் எருமை எப்படி நுழையும் என்ற நினைப்பு அவருக்கு. அதுவரைக்கும் அவர் நினைத்தது சரிதான்.

சோதனை அதிகாரியாகக் கூழைக்கடாப் பறவை ஒருவர் வந்து, கரைகளுக்கு நடுவே கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்தார். நத்தை, விதை, வழியில் பிடித்த மீன் என்று தடைசெய்யப்பட்ட பொருளெல்லாம் அவருடைய அலகுப் பைக்குள் பத்திரமாகப் போயின. வாத்துகள் அதைப் பொருட்படுத்தவில்லை. செய்தி பரவி, முதல் நாள் காலையிலேயே நாற்பது கூட்டங்கள் இறங்கின. சபை பாராட்டியது, எருமைகள் வேறு சேறு தேடிப் போயின. சென்னியப்பன் ஓயாமல் கத்திக் கத்தி, சந்தோஷமாக இருந்தார்.

உச்சிவெயில் ஏறியது. வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு போய் முட்டைகளைக் குளிர வைத்து, பூவாயியைச் சாப்பிட அனுப்புவது அவர் வழக்கம். நனைத்துக்கொண்டு கிளம்பினார்.

“முத்திரை?” என்றார் கூழைக்கடா.

“சார், உங்களை இங்க கூட்டிட்டு வந்ததே நான்தானுங்க.”

“மகிழ்ச்சி. படிவம் நிரப்புங்கள்.”

சென்னியப்பன் நேர்மையானவர். வருகையின் நோக்கம் என்ற இடத்தில், ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்று எழுதினார். எத்தனை நாள் தங்குவீர் என்பதற்கு, ‘ஆயுசுக்கும்’.

“நிரந்தரமாகத் தங்கும் உள்நோக்கம் தெரிகிறது. அனுமதி இல்லை. அடுத்து!”

அக்கரையிலிருந்து பூவாயியின் குரல் கேட்டது. “என்னங்க! கல்லு கொதிக்குது! நான் எந்திரிச்சா முட்டை அவிஞ்சு போயிரும். வெரசா வாங்க!”

மறுபடி வரிசையில் நின்றார். முறை வந்தபோது வயிறு காய்ந்திருந்தது. நனைத்துவிட்டு வந்தால் வரிசையில் கடைசி. இந்த முறை, அங்கே உறவினர் உண்டா என்ற கேள்விக்கு, ‘மனைவி, நாலு முட்டை’ என்று எழுதினார். அதைப் பார்த்தாவது மனம் இரங்குவார் என்று நம்பினார், பாவம்.

“உறவு இருப்பவர் திரும்பி வரமாட்டார். அனுமதி இல்லை.”

சென்னியப்பனுக்கு ஆத்திரம் பொங்கியது. சட்டமாவது ஒன்றாவது என்று, கட்டையைச் சுற்றிக்கொண்டு புதர் ஓரமாகத் தாழப் பறந்தார். எல்லைக் கோட்டைத் தாண்டியதுதான் தாமதம், முத்திரை இல்லாமல் ஓர் ஆள் நுழைவதை அவருடைய தொண்டை கண்டுபிடித்துவிட்டது. “ஆள் வருது! ஆள் வருது!” என்று காடே அதிரக் கத்தினார். தன்னைத்தான் காட்டிக்கொடுக்கிறோம் என்று புரிந்தபோது, காவலுக்கு நின்ற நாலு நாரைகள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நிறுத்தியிருந்தன.

அவருக்கு அழுகை வந்தது. அப்போது வரிசையில் முன்னால், அதே தாகம் தாங்காத வாத்து பதில் சொல்வது கேட்டது. நாலு மாசம் தங்கி உடம்பைப் பெருக்கப் போகிறேன் என்று சற்று முன்தான் அது பெருமையடித்திருந்தது.

“சும்மா சுத்திப் பார்க்க சார். ரெண்டே நாள். அங்க யாரையும் தெரியாது.”

டமால். முத்திரை விழுந்தது.

சென்னியப்பன் ஓடிப்போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்தார். புதுப் படிவம் எழுதினார். நோக்கம்: சுற்றுலா. தங்கும் காலம்: ஒரு பொழுது. உறவினர்: இல்லை. ‘இல்லை’ என்று எழுதும்போது அக்கரைப் பக்கம் பார்க்கவில்லை.

கூழைக்கடா குனிந்து பார்த்தார். “வயிற்றில் என்ன ஈரம்?”

“புது இடமுங்களா சார், பயத்துல வேர்த்துருச்சு.”

“முதல்முறை வருபவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். நல்வரவு.” டமால்.

அவர் போய்ச் சேர்ந்தபோது பூவாயி வாய் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். “எங்கீங்க போய்த் தொலைஞ்சீங்க?” என்று ஆரம்பித்தவள், பின்னால் கட்டையிலிருந்து நீண்ட அலகு இந்தப் பக்கமே திரும்பியிருப்பதைப் பார்த்தாள். வாத்துகள் சொல்லும் பதிலைக் காலையிலிருந்து கேட்டவள், கெட்டிக்காரி. குரலை மாற்றினாள்.

“வாங்க, வாங்க! சுத்திப் பார்க்கவா வந்தீங்க? இது இந்தக் கரையிலயே பேர்போன கூடுங்க. உள்ள உக்காந்தும் பார்க்கலாம். பொழுது சாயற வரைக்கும் உக்காருங்க, நான் ஒரு வாய் சாப்பிட்டு வந்துர்றேன்.”

சென்னியப்பன் உட்கார்ந்தார். ஈரம் பட்டதும் ஒரு முட்டை அசைந்தது, ஓடு விரிசல் விட்டது, உள்ளிருந்து பஞ்சுத் தலை ஒன்று எட்டிப் பார்த்து, “அப்பா!” என்றது.

அவர் அதைக் கொஞ்ச அலகைத் தாழ்த்தினார். கூழைக்கடா கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

“யார் பெத்த பிள்ளையோ!” என்று சென்னியப்பன் கரையெல்லாம் கேட்கக் கத்தினார், கண்ணில் நீர் வழிய. “எவ்வளவு லட்சணமா இருக்கு! நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு கிடையாதுங்க!”

கூழைக்கடா திருப்தியோடு, “அடுத்து!” என்றார்.

நீதி: சொந்த வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால், அங்கே யாரையும் தெரியாது என்றும் சீக்கிரமே கிளம்பிவிடுவேன் என்றும் எழுதிக் கொடுக்கவும். பிள்ளைகளைக் கொஞ்சத் தடையில்லை. சுற்றுலாப் பயணியாகக் கொஞ்சவும்.