நான் செத்த படம்

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தும் கோணல், ஞாபகமும் ஓட்டை. ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்லுவேன். லண்டன் மாநகரத்தில் ஒரு ஆளைச் சாகடித்துவிட்டு, அதே ஆளை உயிரோடு மேடையிலும் ஏற்றின மனிசன் ஒருவர்தான். அவர் எங்கள் தோர்ண்டன் ஹீத் பகுதிக் கட் அண்ணை. சாகடிக்கப்பட்ட ஆள் நான்.

வயதில் அவர் எனக்குத் தம்பி. றோட்டு முழுக்க அண்ணை என்றதால் நானும் அப்படியே எழுதுகிறேன். ஜேர்மனியில் இருந்து வந்தவர். வேலை பெற்றோல் ஸ்டேசனில், மனசு சினிமாவில். குளிருக்குக் கமராவின் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார், தன் கழுத்தில் ஒன்றும் இராது. பஸ் நிற்காமல் போனால் "கட்! திரும்ப எடு!" என்று கத்துவார். ஒருநாள் கோயிலில் ஐயர் தீபம் காட்டி முடிக்க, இவர் பின்னால் நின்று "கட்! ஓகே!" என்றார். ஐயரே சிரித்துவிட்டார்.

ஜேர்மனியில் ஒரு படம் எடுத்து, டிவிடி போட்டு விற்றுக் கையைச் சுட்டுக்கொண்டவர். "ஒருத்தர் வாங்குவார் அக்கா, ஊர் முழுக்கக் கொப்பி அடிச்சுப் பாக்கும். 'நல்ல படம் அண்ணை' எண்டு என்னட்டையே வந்து சொல்லுவினம். இனிப் படம் எடுத்துப்போட்டு விக்கிற வேலை இல்லை. முதலே உதவுங்கோ, படத்தில உங்கட முகம் வரும்."

அப்படித்தான் லண்டனில் படம் தொடங்கினது. கார் தந்தவர் படத்தில் மாப்பிள்ளையின் தகப்பன். சோத்துப் பார்சல் தந்தவர் நீதவான். கடையைத் தந்த மளிகைக் கடைக்காரர் டொக்டர். நான் என் முன் அறையைத் தந்தேன். ஆனால் நானோ பஸ் டிரைவரிடம் நிறுத்தச் சொல்லவே வெட்கப்பட்டு, இரண்டு ஸ்டொப் தள்ளி இறங்கி நடந்து வருகிறவள். எப்படி நடிக்கிறது?

"அக்கா, உங்களுக்கு வசனமே இல்லை. மூச்சும் விடவேண்டாம்" என்றார். பிணம்!

என் வீட்டிலேயே, என் கலியாணக் கூறைச் சீலையோடு கிடந்தேன். பக்கத்து வீட்டு மணியக்கா என்மேல் விழுந்து சொந்தமாக ஒப்பாரி கட்டினாள். "என்ர ராசாத்தி, என்ர றைஸ் குக்கரைத் தராமலே போட்டியே!"

எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பி இருந்து, "போன கிழமையே தந்திட்டனே மணியக்கா!" என்றேன்.

"கட்!" என்று கட் அண்ணை தலையில் கை வைத்தார். "பிணம் கதைக்கக் கூடாது அக்கா!"

படம் முடிந்தது. ஹோல் என்கிற மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ரிக்கற் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்கிடையில் டொக்டராக நடித்த கடைக்காரர், "என்ர முகம் எப்பிடி வந்திருக்கெண்டு ஒருக்காப் பாத்திட்டுத் தாறன்" என்று டிவிடியை வாங்கிக்கொண்டு போனார். இரண்டாம் நாள் அதன் கொப்பிகள் அவர் கடையில் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் அடுக்கடுக்காகக் கிடந்தன. கேட்டால், "நான் நடிச்ச படம் அண்ணை, நாலு சனம் பாக்கவேணுமெல்லே?" என்கிறார்.

யாரோ புண்ணியவான் செத்தவீட்டுக் காட்சியை மட்டும் வெட்டி இன்ரநெற்றில் போட்டுவிட்டான். அது 2009. ஊரில் கடைசிச் சண்டை, போன் அடித்தாலே எங்கள் நெஞ்சு பதறின வருசம். எடுத்தால் கனடாவில் இருந்து மச்சாள்.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான்."

போன் விழுந்த சத்தம். திரும்ப எடுத்தாள். "அப்ப நீங்கள் சாகேல்லையோ? ஐயோ, நான் மூண்டு நாளா மச்ச மாமிசம் சாப்பிடேல்லை!"

நான் சிரித்தேன். கட் அண்ணை சிரிக்கவில்லை. என் முன் அறையில் வந்து இருந்தார், கமராவின் மப்ளரை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். "வீட்டில பாத்தவை ஹோலுக்கு ஏன் வருவினம்? ஹோல் நிரம்பாட்டி அடுத்த படம் இல்லை அக்கா. கமராவைக் குடுத்திட்டுப் பேசாமல் இருக்கப்போறன்."

அந்த மனிசன் பேசாமல் இருப்பதை என்னால் நினைக்கவே ஏலவில்லை. "நான் என்ன செய்யவேணும், தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். "படத்தைக் கொப்பி அடிக்கலாம். உங்களை அடிக்கேலாது. ஹோல் வாசலில வந்து நில்லுங்கோ, அது போதும்."

அடுத்த நாள் கடைகளில் எல்லாம் நோட்டீஸ்: 'படத்தில் செத்த அம்மாவை நேரில் உயிரோடு காணலாம்.' வெட்கத்தில் நான் கடைப்பக்கமே போகவில்லை.

படம் காட்டின அன்றைக்கு அதே கூறைச் சீலையோடு ஹோல் வாசலில் நின்றேன். சனம் வரிசையில் வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தது, ஒரு பிள்ளை கிள்ளியும் பார்த்தது. கிழக்கு லண்டன் பார்க்கிங் பகுதியில் இருந்தும் வந்தார்கள். கடைக்காரரும் குடும்பத்தோடு ரிக்கற் எடுத்து வந்தார். கதிரை போதாமல் சுவரோரம் நின்று பார்த்தார்கள். முடிவில் கட் அண்ணை என்னை மேடைக்கு இழுத்து மைக்கை நீட்டினார். "இப்ப கதையுங்கோ அக்கா, ஒரே ஒரு வசனம்."

எனக்கு வேறொன்றும் வரவில்லை. "றைஸ் குக்கர் நான் குடுத்திட்டன்" என்றேன். ஹோல் அதிர்ந்தது.

அடுத்த படமும் எடுத்தார். பிறகு எந்தப் பக்கம் வீடு மாறிப் போனார் என்று தெரியாது. ஹோல் குறொய்டனிலா வேறு இடத்திலா, ஐப்பசியா கார்த்திகையா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்.

அவரைக் கண்டால் ஒன்று சொல்லுங்கள். உண்மையாக நான் போகிற அன்றைக்குக் கமரா இல்லாமல் வந்து, என் பக்கத்தில் நின்று ஒருக்கா "கட்!" என்று சொல்லட்டும். பழக்கத்தில் எழும்பினாலும் எழும்புவேன்.