வெனிஸில் ஒரு 'மாஃபி'

வெனிஸுக்குப் போகிறவர்களில் அண்ணாந்து கோபுரங்களைப் பார்ப்பவர்கள் உண்டு, குனிந்து தண்ணீரைப் பார்ப்பவர்கள் உண்டு. நான் பக்கத்தில் நிற்பவர்களின் கைகளைப் பார்த்தவன். அந்த ஊரைப் பற்றி யாராவது கேட்டால், அங்கே வருகிறவர்களின் விரல்களைப் பற்றித்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். (நகத்தை ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள்.)

இரண்டாயிரங்களின் நடுவில் நாங்கள் துபாயில் இருந்தோம். ஜெபல் அலியில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. மனைவி மாலதி, நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் கீர்த்தனா. அந்தக் கோடை விடுமுறைக்கு மாலதி, "எத்தன வருசந்தான் லீவுன்னா திருநெல்வேலிக்கே போறது? ஒரு தடவ தண்ணிக்குள்ள இருக்க ஊருக்குப் போவோம்" என்றாள். ஐப்பசியில் போனால் திருநெல்வேலியும் தண்ணீருக்குள்தான் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

எனக்கு வெனிஸ் மேல் கோபம் இல்லை. கவலையெல்லாம் பாஸ்போர்ட்டைப் பற்றி. எங்கள் கம்பெனியில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ஆபீஸ் இரும்புப் பெட்டியில் இருக்கும். லீவில் போகும்போது கையெழுத்துப் போட்டு வாங்கி, வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். விசா வேலைகளைக் கவனித்த அஷ்ரஃப், மலையாளி, அதை என் கையில் வைத்துவிட்டு உடனே விடவில்லை. ஒரு முனையை அவர் பிடித்திருந்தார், மறுமுனையை நான்.

"சாரே, இது போயால் விசா போயி. விசா போயால் ஜோலி போயி. வைஃபும் மோளும் சாரின்டெ விசாவிலல்லே? அவரும் போயி."

வேலை, மனைவி, மகள் என்று எல்லோரையும் போகவிட்ட பிறகுதான் பாஸ்போர்ட்டை விட்டார். அந்த நிமிடத்திலிருந்து, யாரோ பெற்ற கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரிகிறவன் போல ஆனேன்.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியவன் செல்வம். என்னோடு படித்தவன், அப்போது ஓமானில் சோஹாரில் இருந்தான். போன் செய்து, "ஏல, இத்தாலியில பாக்கெட் அடிக்கவன் கைய வச்சா உனக்குக் கூசக்கூட செய்யாது பாத்துக்கோ. கை மேல கோட்டு, துணின்னு எதையாவது மடிச்சுப் போட்டுக்கிட்டு ஒட்டி நிப்பான். அதான் அடையாளம்" என்றான். (அவன் இத்தாலிக்குப் போனதில்லை. போனவர்கள் யாரும் இவ்வளவு விவரமாகச் சொல்லவும் இல்லை.)

வளைகுடாவில் பல வருடம் இருந்தவனுக்குத் திருட்டைப் பற்றிய எதிர்ப்புச் சக்தியே போய்விடும். கடையில் இடம் பிடிக்க மேஜைமேல் செல்போனை வைத்துவிட்டு டீ வாங்கப் போகிறவர்கள் நாங்கள். எனவே பயம் வந்தபோது மொத்தமாக வந்தது. பாஸ்போர்ட்டை எங்கே வைப்பது என்று ஒரு வாரம் யோசித்தேன். சட்டைப்பையை நம்ப முடியாது. பெல்ட்டில் மாட்டும் பை, திருடனுக்கு நாமே வழிகாட்டுவது போல. கடைசியில், பிறந்ததிலிருந்து என் இடுப்பில் சும்மா இருந்த அரைஞாண் கயிறு ஞாபகத்துக்கு வந்தது.

மாலதி ரவிக்கை லைனிங் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தாள். அதற்குள் பாஸ்போர்ட். பையை அரைஞாணில் முடிந்து, பேன்ட்டுக்குள் விட்டு, மேலே சட்டை.

"அந்தக் கயிறு எப்பக் கட்டுனது?" என்றாள்.

"கயித்துக்கெல்லாம் வயசு பாப்பாங்களா?"

"தாங்குமான்னு கேட்டேன்."

இவ்வளவு வருடம் என்னையே தாங்கியிருக்கிறது என்றேன். உண்மையில் அது என்னைத் தாங்கவில்லை, நான்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தேன். அந்த வித்தியாசம் அப்போது புரியவில்லை.

வெனிஸ் ஓட்டலில் வரவேற்பு மேஜைப் பெண் பாஸ்போர்ட் கேட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி, சட்டையைத் தூக்கி, பேன்ட்டுக்குள் கைவிட்டுத் துழாவ ஆரம்பித்தேன். முடிச்சு வியர்வையில் இறுகியிருந்தது. அந்தப் பெண் சாவி மாட்டும் பலகையை வெகு நேரம் ஆராய்ந்தாள். "அப்பா, நாட் இன் பப்ளிக்" என்றாள் கீர்த்தனா, பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுநாள் காலை, அந்த ஊரின் பெரிய கால்வாயில் ஓடும் படகு பஸ்ஸில் ஏறினோம். நல்ல கூட்டம். இரண்டு பக்கமும் பழைய மாளிகைகள். எல்லோரும் வாய்பிளந்து பார்த்தார்கள். நேர்மையாகச் சொன்னால் எனக்கு முதலில் தோன்றியது, ஏன் யாரும் பூசவில்லை என்பதுதான். காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தது. துபாயில் எங்கள் தெருவில் கீர்த்தனாவைவிட வயதில் மூத்த கட்டடம் கிடையாது. சுவரில் ஒரு கீறல் விழுந்தால் இடித்துவிட்டு வேறு கட்டுகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு, பாசி பிடித்த படிக்கட்டைப் போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்தால் சந்தேகம்தான் வரும். ஆனால் ஒரு திருப்பத்தில், வெயில் தண்ணீரில் பட்டு ஒரு பழைய ஜன்னலின் அடியில் நெளிந்தபோது, நானும் பார்த்தேன். பாஸ்போர்ட்டை மறந்தேன்.

அது தவறு. நினைவு வந்து வயிற்றைத் தொட்டேன். வயிறு இருந்தது. அதன் மேல் எதுவும் இல்லை.

எனக்கு வலப்பக்கம், தோளை உரசிக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி, நல்ல சட்டை. கை மேல் கோட்டை மடித்துப் போட்டிருந்தார். செல்வம் சொன்ன அடையாளம், ஒரு எழுத்து பிசகாமல்.

துள்ளி எழுந்து அந்தக் கோட்டைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் என்ன மொழியில் பேசுவது என்ற கேள்வி வந்தது. வளைகுடாவில் தமிழ் தெரியாத யாரிடமும், அவர் பாகிஸ்தானி டிரைவரோ பிலிப்பினோ நர்ஸோ, அவசரத்துக்கு வருவது நாலு அரபுச் சொல்தான். 'இல்லை' என்பதற்கு அங்கே 'மாஃபி'. தண்ணீர் இல்லை என்றால் தண்ணீர் மாஃபி, சம்பளம் இல்லை என்றால் சம்பளம் மாஃபி. எனவே அந்தப் பெரியவரை விரலால் சுட்டிக்காட்டி, படகு முழுக்கக் கேட்கும்படி நான் கத்தியது இது:

"மாஃபி! பாஸ்போர்ட் மாஃபி!"

படகில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு இருக்கை தள்ளிப் போனார். பெரியவரின் முகம் முதலில் வெளுத்து, பிறகு சிவந்தது. அவர் மெதுவாக, தெளிவான ஆங்கிலத்தில், "ஐயா, நான் பல் டாக்டர்" என்றார்.

அடுத்த துறையில் படகை நிறுத்தி எங்களை இறக்கினார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவருக்கு ஆங்கிலம் தெரிந்தது.

"மாஃபியா?" என்று கேட்டார்.

"மாஃபி" என்றேன்.

"இவரா?"

"பாஸ்போர்ட் மாஃபி."

அவர் இளையவரைப் பார்த்தார். "பாஸ்போர்ட் மாஃபியா" என்று சொல்லிக்கொண்டே வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார். கள்ளப் பாஸ்போர்ட் கும்பலைப் பற்றித் துப்புக் கொடுக்க வந்தவனாகவோ, அந்தக் கும்பலில் ஒருவனாகவோ நான் ஆகிக்கொண்டிருந்தேன். எது என்று அவருக்கும் இன்னும் முடிவாகவில்லை. எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். மூன்று நாட்டுக்காரர்களோடு காகித விலை பேசியிருக்கிறேன். அன்று ஒரு வார்த்தை வரவில்லை. தலைக்குள் அஷ்ரஃப் மட்டும் வரிசையாக, ஜோலி போயி, வைஃப் போயி, மோள் போயி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கீர்த்தனா முன்னால் வந்தாள். 'மாஃபி' என்றால் அரபியில் 'இல்லை' என்று விளக்கினாள்.

"உன் அப்பா அரபியரா?"

"நோ. இந்தியன்."

"அப்படியானால் இத்தாலியில் ஏன் அரபி பேசுகிறார்?"

கொஞ்சம் யோசித்தாள். "ஹி இஸ் ஸ்கேர்ட்" என்றாள்.

பாஸ்போர்ட் எங்கே இருந்தது என்று போலீஸ்காரர் கேட்டார். நான் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். கயிறும் இல்லை. அரைஞாணையே அறுத்துக்கொண்டு போகும் திருடன் எவ்வளவு பெரிய கலைஞனாக இருக்க வேண்டும் என்று, அந்தப் பதற்றத்திலும் ஒரு கணம் வியந்தேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்றார். பல் டாக்டரையும் கூப்பிட்டார். அவர் புகார் கொடுத்தால் என் பெயர் பதிவாகும். பதிவானால் துபாய்க்குத் திரும்ப விடமாட்டார்கள். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

மாலதி பின்னாலிருந்து, "என்னங்க" என்றாள். "கால்ல பாருங்க."

"என்ன காலு? பாஸ்போர்ட்டு போயிருச்சுங்கேன், கால்ல பாருங்கங்கா."

"கால்ல பாருங்கன்னா பாருங்களேன்."

குனிந்து பார்த்தேன். என் இடது பேன்ட்டின் அடியிலிருந்து ஒரு கறுப்புக் கயிறு, எலிவால் மாதிரி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

கயிறு படகிலேயே அறுந்து, உட்கார்ந்திருந்த வரைக்கும் பை தொடையில் தங்கி, நான் துள்ளி எழுந்ததும் கீழே இறங்கியிருக்கிறது. பயத்தில் எனக்குக் கால் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. வாலைப் பிடித்து இழுத்தேன். ரவிக்கைத் துணிப் பை வந்தது. அதற்குள்ளிருந்து இந்தியக் குடியரசு வந்தது.

மூத்த போலீஸ்காரர் பாஸ்போர்ட்டை இரண்டு விரல் நுனியால் வாங்கிப் பிரித்தார். போட்டோவையும் என்னையும் பார்த்தார். பிறகு பல் டாக்டரிடம் ஏதோ கேட்டார். புகார் உண்டா என்று கேட்டிருப்பார். டாக்டர் கோட்டை உதறினார், நிதானமாக மறுபடி கை மேல் போட்டுக்கொண்டார், என்னை மேலிருந்து கீழே கயிறு வரைக்கும் பார்த்தார். பிறகு இத்தாலிய மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். போலீஸ்காரர்கள் இருவரும், துறையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. நான் கும்பிட்டேன். அவரும் ஒரு கையால் கும்பிடு மாதிரி ஏதோ செய்துவிட்டு, அடுத்த படகில் ஏறிப் போனார்.

மீதி நாட்களில் என் பாஸ்போர்ட்டும், அவர்கள் இருவருடையதோடு சேர்ந்து, மாலதியின் கைப்பையில் இருந்தது. அவள் அந்தப் பையை ஐஸ்கிரீம் கடையில் நாற்காலியில் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போனாள். ஒன்றும் ஆகவில்லை.

துபாய் திரும்பியதும் அஷ்ரஃப் அதை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பூட்டு விழுந்த சத்தம் கேட்டு எனக்கு மூச்சு வந்தது. ஒருவனுடைய பாஸ்போர்ட்டை இன்னொருவன் பூட்டி வைப்பது சரியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்று நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

கீர்த்தனாவுக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும், சாவியோ கண்ணாடியோ கேஸ் புத்தகமோ, யாராவது ஒருவர் "கால்ல பாருங்க" என்று சொல்லாமல் தேடல் தொடங்காது. மாப்பிள்ளை பெங்களூர்க்காரர், தமிழ் இப்போதுதான் கற்றுக்கொள்கிறார். அது திருநெல்வேலிப் பக்கத்துப் பழமொழி, 'தேடுவது காலடியிலேயே இருக்கும்' என்று பொருள் என அவராகவே முடிவு செய்துகொண்டார். போன மாதம் ஆபீஸ் கூட்டம் ஒன்றில், காணாமல் போன ஒரு ஃபைலைப் பற்றிப் பேச்சு வந்தபோது, தமிழர்களின் பழைய வாக்கு என்று சொல்லி அதை எடுத்துவிட்டாராம். எல்லோரும் தலையை ஆட்டியிருக்கிறார்கள். அவருடைய மேலதிகாரி அதை எழுதிக்கூட வைத்துக்கொண்டாராம்.

அவரிடம் உண்மையைச் சொல்ல கீர்த்தனா எங்களை விடவில்லை.