கையைத் தூக்கினால் வேகம்

கல்யாண வீட்டில் படித்த பிள்ளைகளுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய் போடும் வேலையைக் கொடுக்கலாம். மிஞ்சிப் போனால் வாசலில் பன்னீர் தெளிக்கச் சொல்லலாம். அதற்கு மேல் பொறுப்புக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பென்னாகரத்தில் நடந்த என் அக்கா கல்யாணமே சாட்சி.

எங்கள் குடும்பத்தில் படிப்பு என்று ஒன்றை உருப்படியாக முடித்த முதல் ஆள் நான். (பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான்.) அக்கா சாந்தி பாதியில் நின்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள், நான் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்தேன். பக்கத்துக் கட்டில்காரி ஓசூர்ப் பெண். அவள் போனில்தான் ஒரு ராக் குழுவை முதலில் கேட்டேன்.

அமெரிக்காவின் தெற்குப் பக்கத்துக்காரர்கள். எங்கள் அப்பா அரை டிராயர் போட்டுத் திரிந்த காலத்திலேயே புகழ் பெற்றவர்கள். தோள் வரை முடி, அதற்குப் போட்டியாகத் தாடி, ஒரு கிட்டார் போதாதென்று மூன்று கிட்டார். பாட்டெல்லாம் அம்மா, புழுதி ரோடு, வீட்டை விட்டுக் கிளம்பும் பையன். இங்கிலீஷ் பாட்டு என்றாலே நமக்கானது இல்லை என்று இருந்த எனக்கு, இவர்கள் ஏரியூர்ப் பக்கம் ஏதோ மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருந்தது. வெயிலில் வளர்ந்தவர்களின் இசை. கேட்டதும் தெரிந்துவிடும்.

தீபாவளி லீவில் அக்காவும் நானும் மொட்டை மாடியில் படுத்து, ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொள்வோம். அவளுக்குப் பிடித்தது அவர்களுடைய மிக நீளமான பாட்டு. முதல் பாதி ஏக்கமாக, மெதுவாக நகரும். பின்பாதியில் மூன்று கிட்டாரும் பிய்த்துக்கொண்டு ஓடும்.

"வார்த்த ஒண்ணும் புரியல பாப்பா. ஆனா கடைசி பஸ்ஸைப் புடிக்க ஓடுறாப்புல இருக்குது" என்பாள். அந்தப் பாட்டைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனத்தை நான் இன்றுவரை எங்கும் படித்ததில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை அழைப்புக்கு பேண்டு வாத்தியம் ஏற்பாடு செய்வது என் பொறுப்பு என்று நானே அறிவித்தேன். அந்தப் பாட்டை ஊர் நடுவில் வாசிக்க வைத்து அக்காவை அசத்த வேண்டும் என்பது திட்டம். "படிச்ச புள்ள, செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. அவர் என்னை நம்பி ஒப்படைத்த முதல் காரியம் அது. (கடைசியும்.)

பேண்டு மாஸ்டரிடம் போனைக் கொடுத்துப் பாட்டைக் கேட்க வைத்தேன். கிளாரினெட்காரர். கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார்.

"புடிச்சிரலாங்க மேடம். எங்க வேகமாவணும்னு மட்டும் சொல்லிடுங்க."

'மேடம்' என்ற சொல் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. "என்னையே பாத்துக்கிட்டு வாசிங்க. நான் கையைத் தூக்கினா வேகம். அப்புறம் யாரு வந்து சொன்னாலும் நடுவுல நிறுத்தக் கூடாது" என்றேன். எப்போது நிறுத்த வேண்டும் என்று சொன்னேனா? அவ்வளவு தூரம் யோசிக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பிள்ளையார் கோயிலிலிருந்து கடைவீதி வழியாக மண்டபம். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் மாப்பிள்ளை உள்ளே நுழைந்துவிட வேண்டும். பூ அலங்காரம் செய்த ஜீப்பில், கழுத்து கொள்ளாத மாலையோடு, வெட்கத்தில் அசையாமல் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். நான் மாஸ்டருக்குச் சைகை காட்டினேன். முதல் பாதி தொடங்கியது.

அமெரிக்கக் கிட்டாரில் ஏக்கமாக இருப்பது பென்னாகரம் கிளாரினெட்டில் எப்படி இருக்கும் என்பதை அந்த நொடியில்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் அந்த வேகத்தில் பேண்டு வாசித்துக்கொண்டு போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

முதலில் செருப்புக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். அடுத்து மளிகைக் கடை. டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் எழுந்து, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒகேனக்கல் போகும் பஸ் ஓரங்கட்டி நின்றது. ஜன்னலோரம் இருந்த ஓர் அம்மா ஜீப்பைப் பார்த்து, "ஐயோ, சின்ன வயசு" என்று உச்சுக்கொட்டினார். மாப்பிள்ளை பாவம், தனக்குத்தான் மரியாதை என்று நினைத்துப் பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டார். பெரியவர் டீயைக் கீழே போட்டுவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா விறுவிறுவென்று என்னிடம் வந்தார்.

"ஏம்மா, எம்புள்ள உசுரோடத்தான உக்காந்திருக்கறான்?"

"ஆமாங்க அத்தை."

"அப்புறம் என்னாத்துக்கு இந்த வாசிப்பு? நல்ல காரியத்துக்குப் போறமா, காட்டுக்குப் போறமா? இப்படியே திரும்பி வூட்டுக்குப் போயிருவோம், பாத்துக்க!"

அக்கா திருப்பூரில் நின்றுகொண்டே உழைத்துச் சேர்த்த காசில் நடக்கும் கல்யாணம், என் ரசனையால் நடுரோட்டில் நிற்கப் போகிறது. முதல் பாதியை எப்படியாவது முடித்துவிட வேண்டும். கையைத் தூக்கினேன்.

பின்பாதி வெடித்தது. மாஸ்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஜீப்புக்கு முன்னால் குதித்து ஆட ஆரம்பித்தார்கள். பேண்டு வட்டம் போட்டு நின்றுவிட்டது. பேண்டு நகராமல் ஜீப் நகராது. பின்னால் பஸ்கள் சேர்ந்தன.

"நேரமாவுது, நிறுத்தச் சொல்லும்மா!" என்று அப்பா கத்தினார். நான் ஓடிப்போய், நிறுத்துங்கள் என்று கையை ஆட்டினேன்.

வேகம் கூடியது.

இரண்டு கைகளையும் ஆட்டினேன். டிரம்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு அடித்தார். எட்டிக் குதித்துத் தடுத்தேன். "மேடமே ஆடுறாங்கடா!" என்று டிரம்பெட்காரர் உற்சாகமானார். எங்கள் சித்தப்பா அருகே போய்க் கெஞ்சியபோது, "யாரு சொன்னாலும் நிறுத்தக் கூடாதுன்னு மேடம் ஆர்டருங்க" என்று பதில் வந்தது.

அப்போதுதான் மண்டப வாசலில் அக்கா தெரிந்தாள். மாப்பிள்ளை உள்ளே வரும்வரை பெண் வெளியே தலைகாட்டக் கூடாது. ஆனால் தலையில் பாதிப் பூவும் கையில் காயாத மருதாணியுமாக அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். நேராக டிரம்காரரிடம் போய், இரண்டு குச்சிகளையும் பிடுங்கிக்கொண்டாள். கடைவீதி கப்பென்று அடங்கியது.

"அத்த, நேரமாவுது. உள்ள வாங்க" என்றாள் மாமியாரைப் பார்த்து, மூச்சு வாங்க.

மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். நான் சாமி பெயர் ஒன்றுவிடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"படிச்சவளுக்கு ஆரம்பிக்கத்தான் தெரிஞ்சுது. எம்மருமவளுக்கு முடிக்கத் தெரியுது. வண்டிய எடுங்கடா!"

ஜீப்பிலிருந்து மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். அவர் குரலை எங்கள் வீட்டார் கேட்டது அதுதான் முதல் தடவை. ராகு காலத்துக்கு முன்பே உள்ளே போய்விட்டோம். (எங்கள் சித்தப்பாவின் கடிகாரப்படி.) போகிற போக்கில் அக்கா என் காதில், "மருதாணி போச்சுடி. ஆனா நல்லாத்தான் வாசிச்சாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அக்காவின் புகுந்த வீட்டில் 'முன்பாதி' என்பது நிலைத்த சொல்லாகிவிட்டது. யாராவது மூஞ்சியைத் தொங்கப் போட்டால், "என்ன, முன்பாதி வாசிக்கற?" என்பார்கள். நான் போனாலோ, சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள். டீயைக் கீழே போட்ட பெரியவர் இப்போது மூன்று பெரியவர்கள் ஆகியிருக்கிறார்.

போன மாதம் தர்மபுரி ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் மாமியார் போன் செய்தார். பின்னால் மெல்லிசாக ஓர் அழுகை கேட்டது.

"பையன் பொறந்திருக்கறான். இப்பத்தான் முன்பாதி வாசிக்கறான். பின்பாதி ஆரம்பிக்கறதுக்குள்ள கெளம்பி வந்து சேரு."