ராக் கச்சேரியில் முயல் காது

எனக்கு ராக் இசை என்றால் உயிர் என்று பத்துப் பன்னிரண்டு வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய் என்பது எனக்கே தெரியாது. கல்லூரி விடுதியில், வார்டன் காதில் விழக்கூடாது என்று போர்வைக்குள் படுத்துக்கொண்டு, ஒரே இயர்போனை நானும் அறைத்தோழியும் ஆளுக்கொரு காதில் மாட்டிக் கேட்ட இசை அது. ஆக நான் கேட்டது பாதி. அந்தப் பாதியும் கொசு பாடுகிற அளவுச் சத்தத்தில். அதை நம்பிக் கறுப்பு டி-சர்ட்டாக வாங்கிக் குவித்தேன். பெண் பார்க்க வந்தவரிடம், "எனக்கு ராக் மியூசிக் புடிக்குமுங்க, அதை விட முடியாதுங்க" என்று நிபந்தனை போலச் சொன்னேன். அவர், "பரவால்லீங்க, பாத்துக்கலாமுங்க" என்றார். (உடம்புக்கு ஏதோ கோளாறு என்று நினைத்து ஆறுதல் சொன்னாராம். கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஒப்புக்கொண்டார்.)

இந்தப் பொய் வெளிப்பட்டபோது எனக்கு முப்பத்தொரு வயது. நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். துணியில் கடுகளவு ஓட்டை இருந்தாலும் பத்தடி தூரத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்குப் பெயர். எங்கள் முதலாளியின் மகன் கவின் பெங்களூரில் படிப்பை முடித்துவிட்டு, கூடவே ஒரு இசைக்குழுவையும் அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். முதலாளியின் சொந்தக்காரருடைய கல்யாண மண்டபத்தில் ராக் கச்சேரி என்று அறிவிப்பு வந்தது. ஸ்டாஃப் எல்லோருக்கும் குடும்பத்தோடு பாஸ்.

என் மகள் தன்விகாவுக்கு அப்போது நாலரை வயது. எல்கேஜி அம்மாக்களின் வாட்ஸாப் குழுவில் யாரோ, "இந்த மாதிரிக் கச்சேரிக்குக் குழந்தைகளைக் கூட்டிட்டுப் போலாங்களா?" என்று கேட்டார்கள். என் தோழி ஷாஹிதா உடனே எழுதினாள்: "சின்னக் காதுங்க. தாங்காது. நான் பையனை ஊட்டுல உட்டுட்டுத்தான் போறேன்." ஷாஹிதாவும் அவள் கணவரும் எங்கள் கம்பெனிப் பனியனுக்கு லேபிள் அடித்துத் தருகிற தொழில் செய்பவர்கள், அவர்களுக்கும் பாஸ் வந்திருந்தது. அவள் எதையுமே ஒரு லேபிளில் அடங்குகிற அளவுக்குத்தான் பேசுவாள்.

நான் அப்படியா? விரல் வலிக்க வலிக்கத் தட்டச்சு செய்தேன். குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்க்கிறோம் என்றேன். அம்மா ஆனதும் ஒருத்தி தன் ரசனையைக் கொடியில் காயப்போட்டுவிட வேண்டுமா என்று கேட்டேன். உலகத்தின் ஓசைகளைக் கேட்பது குழந்தையின் உரிமை என்று முடித்தேன். (இப்போது படித்தால் எனக்கே உடம்பு கூசுகிறது.) ஷாஹிதா ஒரு கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள். பதிலுக்குத் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனாலும் சின்னக் காது என்ற சொல் உள்ளே போய்க் குத்தியது. யாருக்கும் தெரியாமல் ஆன்லைனில் குழந்தைகளுக்கான காதுமூடி ஒன்று வாங்கினேன். ரோஸ் நிறம். மேலே அரை அடி உயரத்துக்கு இரண்டு முயல் காதுகள் நட்டுக்கொண்டு நின்றன.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மண்டபத்து ஆட்களுக்குக் கல்யாணம் தவிர வேறெதுவும் தெரியாது. அதனால் வாசலில் பட்டுப்பாவாடை கட்டிய இரண்டு பெண்கள் பன்னீர் தெளித்து, சந்தனமும் கல்கண்டும் நீட்டினார்கள். தன்விகா இரண்டு கை நிறையக் கல்கண்டு அள்ளிக்கொண்டு கேட்டாள்:

"பொண்ணு மாப்ளை எங்கம்மா?"

"இன்னிக்குப் பொண்ணு மாப்ளை எல்லாம் இல்லை சாமி. பாட்டு மட்டுந்தான்."

"அப்பச் சோறு?"

"அதும் இல்லை."

அப்புறம் எதற்கு வந்தோம் என்பது போல அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

முன்வரிசையில் முதலாளி வெள்ளை வேட்டி சட்டையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் சொந்தபந்தங்கள், எல்லோரும் கம்பெனி வைத்திருப்பவர்கள். நாங்கள் ஏழாவது வரிசை. மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய திரை. கல்யாண வீடியோ எடுக்கிறவர்தான் இங்கேயும் கேமராக்காரர்.

விளக்கு அணைந்தது. டிரம்ஸ்காரர் முதல் அடி அடித்தார்.

என் கடைவாய்ப் பல்லில் டாக்டர் அடைத்திருந்த சிமெண்டு தனியாக அதிர்வதை நான் அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அந்த மண்டபம் முழுக்கக் கிரானைட். போன சத்தம் சுவரில் முட்டித் திரும்பி வந்து, வருகிற சத்தத்தோடு மோதியது. மேலே சரவிளக்கு கலகலத்தது. கிடார் கத்தத் தொடங்கியபோது யாரோ என் வலது காது வழியாகக் கம்பியை விட்டு இடது காது வழியாக இழுப்பது போல இருந்தது. போர்வைக்குள் நான் கேட்டது இதைத்தானா? இதன் மீதிப் பாதி இவ்வளவு பெரியதா?

ஆனால் எங்கள் வரிசை முழுக்கக் கம்பெனி ஆட்கள். ராக் ரசிகை என்று என்னைத் தெரிந்தவர்கள். நான் தலையை ஆட்டி, ரசிப்பது போல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. அவருடையது நூலைத் துணியாகப் பின்னுகிற நிட்டிங் தொழில். எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நான்கு மிஷின்கள் ராத்திரி பகல் ஓடும், நாங்கள் மாடியில் குடியிருந்தோம். மிஷின் ஓடினால் தூங்குவார், நின்றால் விழிப்பார். அதனால் இரண்டாவது பாட்டு பாதி தாண்டுவதற்குள் நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

தன்விகாவும் அதே சத்தத்தின் மேல் தொட்டில் கட்டி வளர்ந்தவள். "இது கடிக்குதும்மா" என்று காதுமூடியைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, தலையை உருட்டி உருட்டி ஆடினாள். நான் அதை மறுபடி மாட்டியிருக்க வேண்டும். கொஞ்சிக் கெஞ்சி மாட்டியிருக்கலாம், முடியாவிட்டால் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கலாம். நான் செய்தது வேறு. நாலு பக்கமும் பார்த்தேன். இருட்டாகத்தான் இருந்தது. ஒரே ஒரு நிமிஷம் என்று சொல்லிக்கொண்டு, அந்தக் காதுமூடியை என் தலையில் மாட்டினேன்.

சொர்க்கம். சின்ன அளவு என்பதால் மண்டையை இறுக்கிப் பிடித்தது, அதுவும் சுகமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு நிமிஷம் எத்தனை நிமிஷமாக நீண்டதோ தெரியாது. திடீரென்று பாட்டு நின்றது. கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன். அப்போது, ஒலிபெருக்கியிலிருந்து எனக்கு மிகவும் பழக்கமான ஒரு குரல் கேட்டது.

"தன்விகாங்க."

என் மகள் காணாமல் போனதே எனக்குத் தெரியாது. கிடைத்த பிறகுதான் தெரிந்தது.

நடந்தது இதுதான். தன்விகாவுக்குத் தெரிந்த வரையில், மண்டபம் என்றால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மேடையேறி போட்டோவுக்கு நிற்க வேண்டும். எத்தனையோ கல்யாணத்தில் அப்படித்தானே செய்திருக்கிறாள்? பக்கவாட்டுப் படியில் ஏறியிருக்கிறாள். குழந்தை மேடையேறுவது அந்த மண்டபத்து ஆட்களுக்கும் புதிதல்ல, யாரும் தடுக்கவில்லை. கிடார்காரருக்கும் கவினுக்கும் நடுவில் போய், கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நகரவே இல்லையாம். கவின் பாட்டை நிறுத்திவிட்டு மண்டியிட்டு மைக்கை நீட்டியிருக்கிறார்.

"தன்விக்குட்டிக்குப் பாட்டு புடிச்சிருக்குதுங்களா?" என்றார் கவின்.

"புடிச்சிருக்குதுங்க மாமா," என்றாள். கைதட்டல். அவள் அது அடங்கும் வரை காத்திருந்தாள். "ஆனாச் சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. எங்கம்மாளுக்கு மண்டை வலிக்குது."

"அச்சச்சோ. அம்மா எங்க இருக்கறாங்க?"

அவள் கையை நீட்டினாள். விருந்தாளிகளைத் தேடிப் பிடிப்பதில் கைதேர்ந்த அந்தக் கேமராக்காரருக்கு ஒரு நொடி போதுமானதாக இருந்தது. இரண்டு திரையிலும் நான் வந்தேன். ஆளுயரத்தைப் போல இரண்டு மடங்கு. கறுப்பு டி-சர்ட், நெஞ்சில் மண்டை ஓடு, தலையில் ரோஸ் நிற முயல் காதுகள். இடது காது மட்டும் மடங்கித் தொங்கியது.

மண்டபம் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நான் காதுமூடியைக் கழற்ற முயன்றேன், தலைமுடியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. அதையும் கேமரா காட்டியது. நாளைக்கு எந்த முகத்தோடு கம்பெனிக்குள் நுழைவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது முதலாளி எழுந்து நின்றார்.

"கவின் கண்ணு," என்றார், மைக் இல்லாமலே. "கொழந்த சொல்றது நெசந்தான். சித்த கம்மி பண்ணு."

சொல்லிவிட்டு இரண்டு காதிலிருந்தும் எதையோ உருவி எடுத்தார். பனியன் வேஸ்ட்டு. எங்கள் கம்பெனியிலேயே வெட்டி மிச்சமான வெள்ளைத் துணி. அதைப் பார்த்ததும் முன்வரிசை முழுவதும் கைகள் காதுக்குப் போயின. ஆளாளுக்கு உருண்டை உருண்டையாக எடுத்தார்கள். மகன் மனம் நோகக்கூடாது என்று அந்த மனிதர் துணியைத் திணித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பும் மாறாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். கவின் அப்பாவைப் பார்த்தார். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

சிரிப்புச் சத்தமும் அடங்கிய அந்த அமைதியில்தான் என் கணவர் பதறி விழித்தார். "என்னாச்சு? கரண்ட் போயிருச்சா?"

இதோடு முடிந்திருந்தால் வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் பின்னாலிருந்து தன்விகா சொன்னாள்: "அம்மா, காதுக்குள்ள மிஷின் ஓடுது."

பயமே இல்லாமல், புதிதாக ஒரு விளையாட்டுச் சாமான் கிடைத்தது போலச் சொன்னாள். என் கணவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். "எந்தக் காதுல சாமி?" என்று அவர் கேட்ட குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ரெண்டுலயும்" என்றாள். அன்று மிஷின்கள் ஓடியும் அவர் தூங்கவில்லை.

காலையில் அவள் எழுந்ததும் கேட்டோம். "இப்ப ஓடல" என்று பால் குடிக்கப் போய்விட்டாள். ஆனாலும் காது டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் சோதித்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை, உங்கள் நல்ல நேரம் என்றார். பிறகு எங்கள் இருவரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல நிற்கவைத்துத் திட்டினார். கடைசியில், "ஊட்டுல ஏதாச்சும் சத்தம் உண்டுங்களா?" என்றார்.

என் கணவர் மெதுவாகச் சொன்னார். "கீழ நாலு மிஷின் ஓடுதுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். மறுபடி முதலிலிருந்து திட்டத் தொடங்கினார்.

வெளியே வந்து போனைப் பார்த்தால், அம்மாக்கள் குழுவில் என் வீடியோ வந்திருந்தது. அதற்கு மேலேயே, யாரோ வேலை மெனக்கெட்டு, உலகத்தின் ஓசைகள் பற்றிய என் நீண்ட செய்தியையும் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஷாஹிதா ஒன்றும் எழுதவில்லை. போன் செய்தாள்.

"பாப்பாவுக்குக் காது எப்படி இருக்கு மஞ்சு?"

"நல்லாருக்கு. நீ சொன்னதுதான் சரி ஷாஹி."

"நான் மட்டும் என்னத்தக் கிழிச்சேன்," என்றாள். "கடைசி வரிசையில உக்காந்து, பையன் அங்க என்ன பண்றானோ, சாப்பிட்டானோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு பாட்டும் காதுல உழுகல. உன் புள்ள பேசுனது ஒண்ணுதான் கேட்டுச்சு."

அந்த மாதமே என் கணவர் ஊருக்கு வெளியே ஒரு ஷெட் பிடித்து நான்கு மிஷின்களையும் கொண்டுபோய்விட்டார். முதல் ஒரு வாரம், அந்த அமைதியைத் தாங்க முடியாமல் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மகளின் காதுக்காகத் தன் தூக்கத்தைக் கொடுத்தவர் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ராக் கச்சேரிக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா என்று இப்போது யாராவது கேட்டால், காதுமூடி கடைசிவரை குழந்தையின் தலையில் இருக்குமானால் போங்கள், இல்லையென்றால் வீட்டிலிருங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

போன ஆவணியில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். கெட்டிமேளம் சொல்லக் கை தூக்கிய பெரியவர் பாதியில் நிறுத்தி, "மோளக்காரரே, சித்த இருங்க. எங்க மஞ்சு எங்க நிக்குதுன்னு பாத்துக்கறோம்" என்றார். மணப்பெண்ணே குனிந்த தலையோடு குலுங்கிச் சிரித்தாள். எனக்குப் பின்னால் நின்றிருந்த என் கணவர் இரண்டு உள்ளங்கைகளாலும் என் காதுகளைப் பொத்தினார். மேளம் முழங்கியது, எனக்கு எங்கோ தூரத்தில் கேட்டது. எங்கள் இருவர் பங்கு அட்சதையையும் சேர்த்துத் தன்விகாவே தூவினாள். பதினோரு வயதுப் பெண்ணின் கை வேகத்தில் பாதி அரிசி நாதஸ்வரக்காரர் மேல்தான் விழுந்தது.

ஆல்பத்தில் அந்தப் படம் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. பார்க்கிறவர்கள் மணமக்களை விட்டுவிட்டு, "இவரு எதுக்குங்க பொண்டாட்டி காதைப் பொத்திட்டு நிக்கறாரு?" என்று கேட்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தன்விகா வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். அவள் சொல்கிற கதையில் முயல் காதுகள் ஒன்றரை அடி உயரம்.