என் செம்பனைத் தோட்டத்தில் முளைத்த முனி

பொந்தியான்,
வெள்ளிக்கிழமை, கடை திறக்கும் முன்.

பாசிர் கூடாங்கில் இரும்போடு இரும்பை ஒட்டவைத்துக் கௌரவமாகப் பிழைத்துவரும் மைத்துனர் ஜெயபாலன் அவர்களுக்கு, தங்கள் மூத்த சகோதரி அங்கம்மாளைக் கட்டிக்கொண்ட ஐயாசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அங்கம்மாளும் மளிகைக் கடையும் நலம். அங்கே தாங்களும் குடும்பமும் வெல்டிங் பட்டறையும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். போனில் பேசினால் பக்கத்தில் இருப்பவன் கேட்பான். வாட்சாப்பில் எழுதினால் யார் யார் படிக்கிறார்களோ தெரியாது. எங்கள் தபால்காரர் நல்ல மனிதர். அவருக்குத் தமிழ் படிக்க வராது.

முதலில் நல்ல சங்கதி. தாங்கள் அக்கா மூலமாகக் கொடுத்தனுப்பும் மூட்டு எண்ணெய் பிரமாதம். போன வருடம் தாங்கள் வந்துபோன மறுவாரம் அங்கம்மாள் முதல் பாட்டிலை நீட்டினாள். தேய்த்தால் முழங்கால் வலி போவதோடு வாங்கிய கடன், கொடுத்த கடன் எல்லாம் மறந்து நன்றாகத் தூக்கம் வருகிறது. நல்ல சரக்கை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது வியாபாரிக்கு அழகில்லை என்பதால் சின்னச் சின்ன பாட்டிலில் ஊற்றி, என் படம் போட்ட லேபிள் ஒட்டி, 'ஐயாசாமி மூட்டு எண்ணெய்' என்று கடையில் விற்றுவருகிறேன். தங்களைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் பங்கு கேட்டிருப்பீர்கள்.

நல்ல சங்கதி இத்தோடு முடிந்தது. இனிமேல் உன்னைத் தாங்கள் என்று எழுத என் பேனா ஒத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச காலமாகக் கடையில் கற்பூரம் நிற்கவில்லை. எலுமிச்சை, சுருட்டு, மஞ்சள் துணி எல்லாம் வந்த வேகத்தில் போகிறது. தைப்பூசம் முடிந்துவிட்டது, ஆடி இன்னும் வரவில்லை, பிறகு எதற்கு இதெல்லாம் என்று ஒரு வியாபாரி கேட்கக் கூடாது, கேட்டால் வாங்குகிறவனும் யோசிக்க ஆரம்பித்துவிடுவான் என்று நானும் பேசாமல் கட்டிக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சீனன் ஆ லெக் கடைக்கு வந்தான். லைசென்ஸ் துப்பாக்கியும் நாலைந்து நாயும் வைத்துக்கொண்டு காட்டுப்பன்றி சுடுகிறவன், நீ பார்த்திருக்கிறாய். தோட்டத்தில் எண்ணெய்ப்பனைக் குருத்தைத் தோண்டித் தின்னும் பன்றிகளை ஒழிக்க நான்தான் அவனுக்கு அனுமதி கொடுத்திருந்தேன். அவன் என்னை முதலாளி ஆக்கிக் கேட்கிறான், "தவ்கே, உங்க செம்பனைக்குள்ள சாமி வந்துருச்சு, ஏன் சொல்லல?"

"என்ன சாமி?"

"மஞ்சத் துணி, சூலம், சுருட்டு. உங்க சாமிதான். நாய்ங்க உள்ள ஓடுச்சு, நான் விசில் அடிச்சுத் திருப்பிட்டேன். சாமி இடத்துல சுட்டா அப்புறம் எனக்குக் குறி விழாது லா."

என் தோட்டத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு சாமி. சைக்கிளில் தேங்காய் விற்று வாங்கிய நிலம். கெரான் பத்திரம் என் பெயரில். பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். கடைசி வரிசைக்கும் பின்னால், நான் வருடத்துக்கு ஒரு தடவைகூடப் போகாத மூலையில், ஒரு கல், கல்லுக்கு மஞ்சள் துணி, அதன் பக்கத்தில் ஆள் உயரச் சூலம். கும்பிட்டேன். யார் வைத்தாலும் முனி முனிதான். கும்பிட்டுவிட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தால் சுற்றிலும் கம்புகள் நட்டு, கம்புக்கு ஒன்றாக என் பழைய சட்டைகள் தொங்குகின்றன. நடுவில், களை பிடுங்கி, தண்ணீர் ஊற்றி, பிள்ளை மாதிரி வளர்த்த செடிகள். இலையைப் பார்த்தேன். விரல் விரித்த கை மாதிரி இருந்தது. எங்கேயோ பார்த்த இலை என்று தோன்றியது, எங்கே என்றுதான் தெரியவில்லை. ஒன்றைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பஸ் நிலையத்தில் ஞாபகம் வந்தது. போதைப்பொருள் ஒழிப்புப் பலகை ஒன்று அங்கே இருக்கிறது, படத்தோடு. கிட்டே போய், பையில் இருந்த இலையை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை, மாட்டி ஒரு தடவை பார்த்தேன். சந்தேகமே இல்லை, கஞ்சா. அதற்குப் பிறகுதான் அந்தப் பலகை மாட்டியிருப்பது போலீஸ் பூத்தின் சுவர் என்று கவனித்தேன். உள்ளேயிருந்து கார்ப்பரல் முஜிபுர் ரஹ்மான் நொண்டிக்கொண்டே வந்தார். "என்ன அண்ணே, கண்ணு சரியாத் தெரியலையா?" என்றார். நான் இலையை வாயில் போட்டு வெற்றிலை மாதிரி மென்று விழுங்கினேன். வேறு என்ன செய்ய. "உங்க எண்ணெய்ல இன்னொரு பாட்டில் எடுத்து வைங்க அண்ணே, அது இல்லாம டியூட்டியில நிக்க முடியல" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அன்று மத்தியானம் கேட்டவர்களுக்கெல்லாம் விலை குறைத்துக் கொடுத்திருக்கிறேன். பயத்தாலா, இலையாலா என்று இன்னமும் தெரியவில்லை.

இப்போது சொல்கிறேன் கேள். அந்தச் சூலத்தின் ஒட்டுவேலையைப் பார்த்தேன். மீன் செதில் மாதிரி வரிசையாக, பிசிறில்லாமல். என் கடை இரும்புக் கதவில் இருக்கும் அதே ஒட்டு. அது உன் கை. சட்டைகளோ, பட்டறையில் எண்ணெய் துடைக்க உனக்கு வேண்டும் என்று உன் அக்கா கேட்டு வாங்கி மூட்டை கட்டியவை. தோட்டத்துக் கேட்டுச் சாவி என்னிடம் ஒன்று, வீட்டு ஆணியில் ஒன்று. நீ வந்தால் அந்த ஆணிப் பக்கம்தான் உட்காருகிறாய். நான் ஒன்றும் படித்தவன் இல்லை. ஆனால் அழுகிய வெங்காயம் மூட்டையின் எந்தப் பக்கம் இருக்கிறதென்று கட்டைப் பிரிக்காமலே சொல்வேன்.

பன்றிக்காரன் உள்ளே வராமலிருக்க முனியை வைத்தாய், பன்றி வராமலிருக்க என் வேர்வை வாடையை வைத்தாய். மூளைதான். ஆனால் ஒன்றை மறந்துவிட்டாய். நம் ஆட்கள் இருக்கிற ஊரில் ஒரு கல்லுக்கு மஞ்சள் துணி சுற்றினால் ஆள் வராமல் இருக்குமா? திருட்டுக்குக் காவல் வைப்பவன் மசூதியை வைக்கலாம், மின்சாரப் பெட்டியை வைக்கலாம், முனியை மட்டும் வைக்கவே கூடாது. ஆ லெக் போகிற போக்கில் கல்லுக்கு முன்னால் ஊதுபத்தி வைத்து லாட்டரி நம்பர் கேட்டிருக்கிறான், விழுந்துவிட்டது. அவன் ஊரெல்லாம் சொன்னான். தொழிற்சாலை பஸ் ஓட்டும் மனோகரன், வேலைக்குப் போகிற ஆட்களையே பஸ்ஸோடு கொண்டுவந்து இறக்கினான். கெலாங் பாத்தாவிலிருந்தெல்லாம் காரில் வந்து, வேலியைப் பிரித்துக்கொண்டு நுழைகிறார்கள். யாருக்கும் கல்லுக்குப் பின்னால் பார்க்க நேரமில்லை, எல்லாரும் கல்லில் நம்பர் தேடுகிறார்கள். நான் செடியைப் பிடுங்கப் போகும்போதெல்லாம் யாராவது வந்து என் காலில் விழுந்து, "தோட்டத்தைச் சாமிக்குக் குடுத்த புண்ணியவான்" என்கிறார்கள். போலீஸிடம் சொல்லலாம் என்றால் நிலம் என் பெயரில். இந்த நாட்டில் இதற்குத் தூக்குக் கயிறு, இல்லையென்றால் ஆயுசுக்கும் உள்ளே, பிரம்படி தனி. இந்த முட்டியை வைத்துக்கொண்டு என்னால் கோயில் வரிசையிலேயே நிற்க முடியாது.

உன் அக்காவிடம் மட்டும் பொதுவாகச் சொன்னேன், சாமிக்குப் பின்னால் களை மண்டிக் கிடக்கிறது, வெட்டிவிடப்போகிறேன் என்று. "சாமி நிழல்ல நிக்கிற செடியில கத்தி வைக்காதீங்க, கை வெளங்காமப் போயிரும்" என்றாள். இந்த அளவுக்குப் பக்தி அவளுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

முடிவு போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. மனோகரனுக்கு நம்பர் விழுந்து, முனிக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டிருந்தான். கிடாவைக் காலையிலேயே கொண்டுவந்து, கூட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் கல்லுக்குப் பின்னால் கட்டிவிட்டு, பூசாரியை அழைத்துவரப் போய்விட்டான். எனக்கு விஷயம் தெரிந்து நான் ஓடுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. போய்ப் பார்க்கிறேன், அடித்தண்டு மட்டும்தான் மிச்சம். என் சட்டைகளையும் விடவில்லை, ஒரு கைகூட மிச்சமில்லை. ஜெயபாலா, அந்த ஆட்டை நான் கட்டிப்பிடித்து முத்தமிடாத குறை.

பிறகு மாலை போட்டுக் கல்லுக்கு முன்னால் நிறுத்தினார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தால் உடம்பைச் சிலிர்த்து உத்தரவு கொடுக்க வேண்டுமே, கொடுத்தால்தானே வெட்டலாம். தெளித்தார்கள், அது அசையவில்லை. குடத்தோடு ஊற்றினார்கள், குளிப்பாட்டுகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டது. பூசாரி காதுக்குள் ஊற்றினார். அது மெல்லப் படுத்து, முன்னங்காலை மடித்து, பூசாரியை ஒரு பார்வை பார்த்தது. என் கல்யாணத்தில்கூட யாரும் என்னை அவ்வளவு பிரியமாகப் பார்க்கவில்லை.

"முனி ரத்தம் வேணாங்கிறாரு" என்றார் பூசாரி.

"இது சைவ முனிப்பா" என்றான் மனோகரன். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஓடிப்போய் என் கடையில் கடலை வாங்கிவந்து சுண்டல் போட்டார்கள். உன் அக்கா மட்டும் கல்லுக்குப் பின்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். சாமி மனம் இரங்கியதற்கு ஆனந்தக் கண்ணீர் என்று சுற்றி நின்ற பெண்கள் சொன்னார்கள்.

செடி போய்விட்டது, என் கழுத்தும் தப்பித்தது. ஆனால் நீ தப்பிக்கவில்லை. இந்தக் கடிதம் கண்டதும் என் வீட்டுக்கு வராதே. என் வாசலை மிதிக்காதே. சூலத்தைக் கழற்றிக்கொண்டு போக வேறு ஆளை அனுப்பு. எண்ணெயை மட்டும் வழக்கம்போல் அக்கா பேருக்கு அனுப்பிவை, கடையில் தீர்ந்துகொண்டிருக்கிறது.

உன் பிள்ளைகள் உன்னைப்போல் ஆகாமல் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். அவர்களுக்கு என் ஆசீர்வாதம். உனக்கு இல்லை.

இப்படிக்கு,
உன்னை மனிதன் என்று நம்பிய
ஐயாசாமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் அங்கம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். ஆரம்பத்தில் எண்ணெய்ச் சங்கதி வந்ததுமே என்னை நிறுத்தி, "தம்பி எப்பங்க எண்ணெய் அனுப்புனான்?" என்றாள்.

"பின்ன யாரு?"

"நான்தான் காய்ச்சுறேன். அப்பா எஸ்டேட்ல மாட்டுக்குப் போடுவாரே, வலிச்செடி, நம்ம தோட்டத்து மூலையில வளர்த்து அதுலதான். தம்பி அனுப்புனான்னு நீங்களா நெனைச்சுக்கிட்டீங்க, சந்தோஷமாத் தேச்சுக்கிட்டீங்க, சரி இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஆ லெக் நாய் செடிய மிதிக்குதுன்னுதான் தம்பிகிட்ட வேண்டுதல்னு சொல்லிச் சூலம் வாங்குனேன். பன்னிக்கு உங்க வாடை ஆகாது. பாவி ஆடு எல்லாத்தையும் தின்னுருச்சு. விதை வச்சிருக்கேன், மறுபடி போட்டுரலாம்."

விதையை வாங்கி அடுப்பில் போட்டாகிவிட்டது. ஆகையால் மேலே எழுதிய எதையும் நீ படிக்கவில்லை. தாங்கள் தங்கமான மனிதர். சூலம் அங்கேயே இருக்கட்டும், முனி நமக்கு வேண்டும். உடனே வேனை எடுத்துக்கொண்டு வரவும். ஊரெல்லாம் விற்ற பாட்டில்களைத் திரும்ப வாங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் என் படம் இருக்கிறது. மற்ற வீடுகளுக்கு நான் போகிறேன். போலீஸ் பூத்துக்கு மட்டும் தாங்கள் போகவும். கார்ப்பரல் நேற்றுதான் பெரிய பாட்டிலாக வாங்கி, மேலதிகாரிக்கும் கொஞ்சம் தேய்த்துவிட்டிருக்கிறார்.