தாய்மாமன் சிரித்துவிட்ட பிளக்ஸ் போர்டு

24.05.2026, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40. கேமரா பட்டனை அழுத்திய தடவைகள் 41. விழுந்த படம் 1.

மதிப்பிற்குரிய முனீஸ்வரன் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை சுபத்ராவின் கொழுந்தன் மாரிக்கண்ணன் எழுதுவது. இங்கே அண்ணன், அண்ணி, தங்கள் மருமகள் தங்கமாரி யாவரும் சுகம். அங்கே தாங்களும் தங்கள் துணைவியார் மாயக்காள் அக்காவும் ஆடு குட்டிகளும் அவ்வண்ணமே என்று எழுத ஆசைதான். ஆனால் தாங்கள் ஒரு வேளை சாப்பிட்டு ஒரு வேளை தட்டைத் தள்ளிவிடுவதாகத் தகவல். என் நம்பர், அண்ணன் நம்பர் இரண்டையும் பிளாக் செய்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். நரிக்குடி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் வழியில் பிரித்துப் படிக்காமல் இருக்க இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன். கத்தியால் அறுக்கவும்.

விஷயம் இதுதான். வர்ற வெள்ளிக்கிழமை குலசாமி கோயிலில் பிள்ளை தங்கமாரிக்கு மொட்டை, காதுகுத்து. அவள் உட்கார வேண்டிய மடி உங்களுடையது. நீங்களோ "அந்தப் போர்டு நிக்கிற ஊருக்குள்ள கால் வைக்க மாட்டேன்"னு ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறீர்கள். அண்ணி அடுப்படியில் அழுகிறார்கள். உங்கள் சித்தப்பா மகன் வீரணன் இதைக் கேள்விப்பட்டு, புது வேட்டியோடு வந்து, "நானும் மாமன்தான தாயி, நான் வேணா மடி குடுக்கவா?" என்று கேட்டார். அண்ணி கரண்டியைக் காட்டி, "எங்கண்ணன் மடியில்லாட்டி எம்புள்ளைக்குத் தோடே வேணாம், போ"ன்னுட்டாக. ஆக, ஒரு பிளக்ஸ் போர்டால் ஒரு குழந்தையின் இரண்டு காதும் அந்தரத்தில் நிற்கின்றன. காரணம் நான் இல்லை. டெக்னிக்கலாக விளக்குகிறேன்.

காதுகுத்துக்குப் போர்டு அடிக்கப் போன இடத்தில், அருப்புக்கோட்டை பிளக்ஸ் கடைக்காரர்தான் ஆரம்பித்து வைத்தார். மற்ற சொந்தக்காரர்கள் படமெல்லாம் தீப்பெட்டி அளவு, அவர்களின் பழைய பாஸ்போர்ட் போட்டோவே போதும், ஆனால் தாய்மாமன் ஆளுயரத்துக்கு நிற்க வேண்டும், போனில் ஜூம் பண்ணி எடுத்தால் மூஞ்சி கட்டம் கட்டமாக உடையும், கேமராவில் எடுத்து வா என்றார். அவர் சொன்னது சரி. போனில் ஜூம் என்பது படத்தைப் பிடித்து இழுப்பது. கேமராவில் லென்ஸே முன்னால் நகரும். அதனால் சட்டைப் பைக்குள் அடங்குகிற ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா, புதிதாகப் படம் பிடிக்கிறவர்களுக்கென்றே செய்தது, விலையும் கையைக் கடிக்காதது, வாங்கிக்கொண்டு நேரே உங்கள் வீட்டுக்கு வந்தேன். கூடவே ஒரு புத்தகம் கொடுத்தார்கள். எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்து, பவர்லூம் சர்க்யூட் போர்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ரிப்பேர் பார்க்கிறவன், கேமராவுக்குப் புத்தகம் படிப்பானா? அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன்.

நீங்கள் வேப்பமரத்தடியில் நின்றீர்கள். நெஞ்சை நிமிர்த்தி, மீசையை முறுக்கி, யாரையோ கோர்ட்டில் சந்திக்கப் போகிற மாதிரி ஒரு பார்வை. நம் பக்கத்தில் ஆம்பளை போட்டோவுக்கு நிற்பதென்றால் அப்படித்தான். நான் பட்டனைப் பாதி அழுத்தினேன், ஃபோகஸ் பிடித்தது. முழுதும் அழுத்தினேன், படம் விழவில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடியும். வெயில் வேறு. "ஏன் மாப்ள, கரண்டு கட்டா?" என்று உதடு அசையாமல் கேட்டீர்கள். "ஆடாம நில்லுங்க மச்சான்" என்றேன். நின்றீர்கள். கேமராவும் நின்றது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து மாயக்காள் அக்கா சத்தம் போட்டார்கள்: "ஏன் தம்பி, அய்யனார் செலைக்கு அளவெடுக்கியா? அவுகளக் கொஞ்சம் மூச்சு விடச் சொல்லு, ஆடெல்லாம் மெரளுது!" உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள். டக்கென்று படம் விழுந்தது. அத்தோடு பேட்டரியும் போனது.

பேட்டரி போனதால் விழுந்த படத்தைத் திரையில் பார்க்கவும் முடியவில்லை. கடைக்காரர் ஒரு மணி நேரத்தில் பிரிண்ட் போட வேண்டும் என்று போன் மேல் போன். கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சுருட்டி வந்த போர்டை அண்ணன் இருட்டோடு இருட்டாக எங்கள் பஸ் நிறுத்தத்தில் கட்டினார். விடிந்து பார்த்தால், சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி முறைத்துக்கொண்டிருக்க, நடுவில் நீங்கள் மட்டும் கடைவாய்ப் பல் தெரிய, கண் இடுங்க, ஆளுயரத்துக்குச் சிரிக்கிறீர்கள். கீழே 'தாய்மாமன் சிங்கம்' என்று எழுதியிருக்கிறது. அன்றைக்கே நீங்கள் திருச்சுழிக்கு பஸ்ஸில் போக, பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்க, கண்டக்டர் எட்டிப் பார்த்து, "அண்ணே, அது நீங்களா? சிரிச்சா நல்லாத்தான இருக்கீக!" என்று சொல்ல, பஸ்ஸே சிரிக்க, நீங்கள் அங்கேயே இறங்கி, எதிர் பஸ் பிடித்து வீடு திரும்பி, போனை எடுத்து எங்களை பிளாக் செய்தீர்கள்.

புத்தகத்தை இப்போதுதான் படித்தேன். அந்தக் கேமராவில் 'சிரிப்பு மோடு' என்று ஒன்று, கடையிலிருந்து வரும்போதே போட்டு வந்திருக்கிறது. பட்டனை அழுத்தினால் எதிரில் இருப்பவர் சிரிக்கும்வரை அது காத்திருக்கும். மறுபடி அழுத்தினால் காத்திருப்பதை நிறுத்தும். நான் மாற்றி மாற்றி அழுத்தியிருக்கிறேன். யார் செய்த டிசைனோ, நம்மூர் ஆம்பளைகளை ஒரு தடவையாவது பார்த்துவிட்டுச் செய்திருக்கலாம். ஆகவே கோளாறு மோடில். உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. இன்று மதியத்துக்குள் போர்டு இறங்கிவிடும். நீங்கள் முறைக்கிற மாதிரி புதுப் படம் எடுத்து வேறு போர்டு வைப்பேன். இது என் வாக்கு. மனசை மாற்றிக்கொண்டு வாருங்கள்.

வயதில் சிறியவன், பெரியவர் உங்களை வாழ்த்த முடியாது, வணங்குகிறேன். அக்காவுக்கு என் விசாரிப்புகள். குலசாமி இரண்டு வீட்டுக்கும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
மாரிக்கண்ணன்

பி.கு: டேப் ஒட்டப் போகும்போது அக்காவிடமிருந்து போன். அவர்கள் போனில் நீங்கள் என்னை பிளாக் செய்ய முடியாதே. "ஏலே தம்பி, அந்தப் போர்டுல கைய வச்ச, கைய ஒடிச்சுருவேன். கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து அவுக சிரிச்சு நான் பாத்ததில்ல. அன்னைக்குச் சிரிச்சப்பவும் நான் உள்ள ஒலைக்கு அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தேன். நேத்துத்தான் பஸ் ஏறிப் போயி, கண்ணு நெறயப் பாத்துட்டு வந்தேன்" என்றார்கள். அப்புறம் வைத்துவிட்டார்கள். எனவே மேலே எழுதிய வாக்கு செல்லாது. இனி செய்யப்போவது:

1. போர்டு அங்கேயே நிற்கும். காற்றில் ஆடாமல் இருக்க இன்னொரு கம்பு கட்டுகிறேன்.

2. அதே படத்தில் சின்னதாக ஒன்று லேமினேட் போட்டு அக்காவிடம் கொடுப்பேன். எங்கே மாட்டுவார்கள் என்பது உங்கள் குடும்ப விவகாரம்.

3. வீரணன் மச்சானை மொட்டைக்குத் தண்ணீர் எடுத்துவரும் வேலையில் போடுகிறேன்.

4. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நீங்கள் இறங்காவிட்டால், சாமியிடம் அண்ணன் பேசிக்கொள்வார். பிள்ளை, ஆசாரி, ஊசி மூன்றையும் ஏற்றிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்துவிடுவேன். மடி ஒன்றுதான் எங்களிடம் இல்லை.